அந்தக் கடிதம் எங்களுடையதல்ல

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குக் காகிதங்களைச் சேர்த்து அனுப்பித் தருவது கெசியாவின் தொழில். மூக்கண்டப்பள்ளியில், ஒரு மருந்துக்கடை மாடியில் அலுவலகம். காகிதத்தைவிட ஆட்களைத் தேற்றுவதில்தான் அவளுக்குப் பாதி நாள் போகும்.

போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்த சௌமியா அவளிடம் வந்து மூன்று வருடம். ஆங்கிலத் தேர்வில் ஒரு முறை அரை மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். திரும்ப எழுதித் தேறியபோது தகுதிப் புள்ளிகளின் வரம்பு ஏறிவிட்டது. இரண்டு முறையும், "விட்றாத, நான் இருக்கறேன்ல" என்று இழுத்துப் பிடித்தவள் கெசியாதான்.

ஒருவழியாக விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபோது, தொழிற்சாலை அனுபவக் கடிதம் தர மறுத்தது. ஆள் நழுவிவிடும் என்று அங்கே யாருக்கும் தருவதில்லை. மனிதவளப் பிரிவில் இருந்தவன் கெசியாவின் கணவன் மேக்ஸ்வெல். மனைவி கேட்டதற்காக, சௌமியா செய்த வேலையை உள்ளது உள்ளபடி எழுதி, மேனேஜருக்குத் தெரியாமல் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

எட்டு மாதம் கழித்துக் கனடாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுபவக் கடிதம் போலி என்று சந்தேகம். முப்பது நாளில் தக்க விளக்கம் இல்லையென்றால் ஐந்தாண்டுத் தடை. அவர்கள் விசாரித்ததற்கு, 'அந்தக் கடிதம் எங்களுடையதல்ல' என்று ஜூன் பதினான்காம் தேதி தொழிற்சாலை பதில் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் மேக்ஸ்வெல்.

கெசியா தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஜூன் கடைசியில்தான் சௌமியா ராயக்கோட்டையிலிருந்து ஒரு கூடைத் தக்காளியோடு வீட்டுக்கு வந்தாள். "அங்க போயி எங்கள மறந்துடாதம்மா" என்று மேக்ஸ்வெல் அவளிடம் சிரித்துப் பேசினான்.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள்.

"மேனேஜருக்கும் சேத்துதான் மெயில் வந்துச்சு. ஒத்துக்கிட்டிருந்தா வேல போயிருக்கும்."

"பயந்தீங்க, சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"இப்பவாச்சும் திருத்தி எழுதுங்க."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

மறுநாள் சௌமியாவை வரவழைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எழுதிக் குடுத்தது உங்க வூட்டுக்காரரு. இல்லன்னு சொன்னதும் அவரேதானாக்கா?"

"ஆமாம்மா."

"உங்கள நம்பித்தான வந்தேன்."

இந்த முறை கெசியா தேற்றவில்லை; கோப்பை எடுத்து மேசையில் விரித்தாள்.

சம்பளச் சீட்டுகள், பி.எஃப். பதிவு, கூட வேலை பார்த்த ஜோதிமணியின் வாக்குமூலம் எல்லாம் திரட்டினாள். கடைசியாகத் தன் பெயரிலும் ஒன்று எழுதினாள்: என் கண் முன்னால் என் கணவர் கையெழுத்திட்ட கடிதம் இது. அனுப்புமுன் மேக்ஸ்வெல்லிடம் காட்டினாள்.

"என் சோத்துல மண்ணப் போடறியா?"

"நீங்க ஏற்கெனவே ஒருத்தி சோத்துல போட்டுட்டீங்க."

எல்லாவற்றையும் அனுப்பியதில் தடை வரவில்லை. விண்ணப்பம் மட்டும் நிராகரிக்கப்பட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சௌமியா கோப்பைக் கேட்டு வந்தாள். "பெங்களூர்ல வேற ஒருத்தரப் பாத்திருக்கேன்க்கா." கெசியா தடுக்கவில்லை. எந்தச் சான்று எப்போது காலாவதியாகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சௌமியா அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் சொல்லும் "வர்றேன்க்கா" இல்லாமல் படியிறங்கினாள்.

மேக்ஸ்வெல்லைத் தொழிற்சாலையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டுதான் போகிறான். கெசியா இன்னும் பதில் சொல்வதில்லை.