அட்டவணைப்படி நலம்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் நாளையிலிருந்து என் டீயில் சர்க்கரை விழாமல் போகட்டும். அத்தனையும் உண்மை.

ஆரம்பாக்கத்து ஜோஷ்வா தினமும் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனிக்கு உலை வேலைக்குப் போய்வந்தார். சில மாதங்களாக இருமல், சோறு இறங்கவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார். ரயிலில் கம்பி என்று நினைத்து அவர் தோளில் பையை மாட்டிவிடுவார்கள். ஒருநாள் யார் யாருடைய டிபன் பைகளோ தொங்க வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் தேடித் தேடித் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

கம்பெனியில் வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. உள்ளே ஷூவைக் கழற்றினால் மெமோ என்பதால், இரும்பு முனை வைத்த ஷூவும் ஹெல்மெட்டுமாகவே எடை பார்ப்பது அங்கே வழக்கம். சுவரில் உயரத்துக்கேற்ற எடை அட்டவணை. ஜோஷ்வாவின் எடை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘நலம்’ என்று எழுதினார் நர்ஸ். நலம் என்றால் மேற்கொண்டு சோதனை கிடையாது, மறுபடி உலைதான்.

அவர் மனைவி மோனிகாவுக்கு அதே கம்பெனி கேன்டீனில் வேலை. கேள்விப்பட்டதும் ஈரக்கையோடு வந்து, கூச்சப்பட்ட புருஷனை மருத்துவ அறைக்கு இழுத்துப் போனார். புதிதாக வந்திருந்த டாக்டரிடம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். பார்த்தார்கள். முள் சரிந்தது; ஆனாலும் அட்டவணையின் கடைசிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“இப்பவும் கோட்டுக்குள்ளதாம்மா இருக்காரு,” என்றார் நர்ஸ்.

“கோட்டுக்குள்ள இருக்காரு, சட்டைக்குள்ள இல்லியே சிஸ்டர்.” மோனிகா புருஷனின் விரலைத் தூக்கிக் காட்டினார். “இந்த மோதிரத்தப் பாருங்க டாக்டரம்மா. சர்ச்சுல சோப்பு தடவித்தான் ஏத்துனேன். இப்ப நூல் சுத்திக்கினு போடறாரு. அப்பிடியும் நேத்து சாம்பார்ல கெடந்துச்சு.”

“ஏன் மோனி மானத்த வாங்கற?”

“சும்மா இருய்யா. ஆளே கரைஞ்சிகினு போற. இன்னா மானம்?”

டாக்டர் அந்த மோதிரத்தை மெல்ல உருட்டிப் பார்த்தார். கல்யாணத்தின்போது எவ்வளவு எடை, எப்போதிருந்து இளைப்பு, நேற்று என்ன சாப்பிட்டார் என்று, அதுவரை யாரும் கேட்காததையெல்லாம் கேட்டார். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு நர்ஸிடம் சொன்னார்.

“அட்டவணை பொதுவா எல்லாருக்கும் போட்டது சிஸ்டர். இவர் எப்படி இருந்தார், இப்ப எப்படி ஆனார்னு அதுக்குத் தெரியாது. கோட்டுக்குள்ள இருக்கறவங்களும் சத்து இல்லாம வாடலாம். எடையைப் பாருங்க, ஆளையும் பாருங்க.”

காசநோய் என்று தெரிந்தது. மருந்தும் முட்டையும் ஓய்வுமாக, நூல் ஒவ்வொரு சுற்றாகக் குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு மோதிரத்தைக் கழற்ற மறுபடி சோப்பு தேவைப்பட்டது. மோனிகா சோப்பைக் கொடுக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் எடை மெஷினே கிடையாது. எடையை வாயால் கேட்டுத்தான் எழுதிக்கொள்வார்கள். நாளையிலிருந்து எனக்குச் சர்க்கரை இல்லாத டீதான்.