மேல்வீட்டில் சத்தமில்லை

கதவைத் தட்டுவதற்கு ஒரு குழுவா என்று அந்தத் தெருவில் முதலில் சிரித்தவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற நர்சம்மா விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, வாய் வலிக்கப் பேசி ஆள் சேர்த்தார். ஏற்பாடு ரொம்பச் சுலபம். எந்த வீட்டிலாவது பிள்ளையை அடிக்கிற சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஏன் அடிக்கிறாய் என்று கேட்கக் கூடாது. புத்திமதி கூடவே கூடாது. தீப்பெட்டி, ஊசி, ஒரு கரண்டி சர்க்கரை என்று எதையாவது கேட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்குள் ஓங்கிய கை இறங்கிவிடும், ஆத்திரமும் ஆறிவிடும் என்பது நர்சம்மாவின் நம்பிக்கை. பல வீடுகளில் அது பலிக்கவும் செய்தது, பொய் சொல்லக் கூடாது.

கீழ்வீட்டுத் தையல்காரிக்கு வாய்த்தது மேல்வீடு. அங்கே ஒரு எலெக்ட்ரீஷியன், அவன் மனைவி, ஒரே மகள். அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தெருவில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பவன். அந்தத் தங்கம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் என்ன நடக்கிறது என்பது கீழே இருப்பவளுக்குத்தானே தெரியும்! பிள்ளையின் அலறல் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு மாடியேறுவாள். அவன் சிரித்த முகமாகக் கதவைத் திறப்பான். கேட்டதைக் கொடுப்பான். வேறு ஏதாவது வேணுமாக்கா என்றும் கேட்பான்.

நாளாக நாளாக அலறல் குறைந்தது. பிறகு நின்றே போனது. குழு கூடியபோது நர்சம்மா இதை எடுத்துச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். தையல்காரிக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. ஏன் இருக்காது? ஜென்மத்தில் அவளுக்கு யார் கைதட்டினார்கள்?

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மேல்வீட்டுப் பெண்பிள்ளை சீருடைக்கு அளவு கொடுக்கத் தனியாக வந்தாள். சாப்பிடுவதெல்லாம் உயரத்துக்கே போகிறதா, உடம்புக்குக் கொஞ்சம் வைக்கக் கூடாதா என்று சீண்டிக்கொண்டே தையல்காரி மேல்கையில் டேப்பைச் சுற்றி இழுத்தாள். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு முனகல் இல்லை. சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தால் தோள் வரைக்கும் கன்றிப்போயிருந்தது. பழசின் மேல் புதுசு.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏண்டி கத்தாம நிக்கிற?"

"கத்தினா நீங்க வந்துருவீங்க அத்தை," என்றாள் அந்தப் பெண். "நீங்க போனதும் அப்பா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

குறை சொல்கிற குரலே இல்லை அது. மழை வந்தால் கொடியில் துணி நனையும் என்பதைப் போலச் சொன்னாள்.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு தையல்காரி நர்சம்மாவிடம் ஓடினாள். கேட்டு முடித்ததும் நர்சம்மா குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் வராமல் இல்லை, வந்தார்கள். அப்பனும் ஆத்தாளும் உட்கார்ந்திருந்த அதே கூடத்தில் வைத்துப் பிள்ளையை விசாரித்தார்கள், அவ்வளவு புத்திசாலிகள். படியில் விழுந்தேன் என்றாள் அவள். எப்போது பார்த்தாலும் ஓட்டம்தான் என்றாள் அம்மா. எலெக்ட்ரீஷியன் டீ கொடுத்து வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். அக்கம்பக்கம் இவ்வளவு அக்கறையாக இருப்பது நல்ல விஷயம் என்று வந்தவர்களில் ஒருவர் அவனிடமே பாராட்டிவிட்டுப் போனார்.

இனி என்ன செய்வது என்று தையல்காரி கேட்டாள். நர்சம்மா கையை விரித்தார். தட்டுவதை நிறுத்தினால் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் கதி என்ன என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் மேலே தாழ்ப்பாள் விழுந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. தையல்காரி மாடிப்படி வரைக்கும் போனாள், ஒரு காலை எடுத்தும் வைத்தாள். தட்டினால் முதலிலிருந்து. ஒரு முனகலாவது வராதா, வந்தால் எது ஆனாலும் ஆகட்டும் என்று ஏறிவிடலாமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. பிள்ளை அவ்வளவு கெட்டிக்காரி. தையல்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். துணி எதுவும் வைக்காமலே மெஷினை முழு வேகத்தில் ஓட்டினாள்.