மூன்று வரிசை

"அம்மாவ ஏத்திக்கிட்டு வேன் கிளம்பிருச்சுக்கா. அரை மணி நேரத்துல வீட்டுல இருக்கும். நீயும் அப்பாவும் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கத்தினான். சூப்பர் மார்க்கெட்டில் பால் பவுடர் அடுக்கின் முன்னால் நின்றிருந்தவள், "வீட்டுக்கிட்ட வந்துட்டோம்டா" என்று பொய் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

விடிகாலையில் அம்மா போய்விட்டாள். அப்பா அழவில்லை. அம்மாவின் கைப்பையைத் துழாவி, ரப்பர் பேண்டு போட்ட தள்ளுபடிக் கூப்பன்களை எடுத்து, "இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றார். வருகிறவர்களுக்கு டீ போட வீட்டில் பால் பவுடரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது அனுப்பலாம் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அம்மா வாசலில் வந்து காத்துக் கிடக்க, கட்டினவரும் பெற்ற பெண்ணும் தள்ளுபடிக்கு வரிசையில் நிற்பதா? ஊரே காறித் துப்பும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? எதிர்வீட்டு, மாடிவீட்டுப் பேப்பர்களையும் கேட்டு வாங்கி வெட்டி வைப்பாள். கடை வாசலிலேயே குடும்பம் கலைந்துவிடும். ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு வரிசை, உள்ளே யாருக்கும் யாரையும் தெரியாது. பள்ளிக்கூட வயதில் ஒருமுறை அவள் வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மா கண்கூட இமைக்காமல், "யாரும்மா நீ?" என்றாள். அன்றைக்குத் தெருமுனை வரை அவள் அழுதாள், அம்மா சிரித்தாள்.

இப்போது அப்பா பழையபடி நடு வரிசையில் நின்றிருந்தார். அவள் முதல் வரிசையில். போன் மறுபடி துடித்தது. அவள் எடுக்கவில்லை.

அப்பாவின் முறை வந்தது. ரப்பர் பேண்டு சிக்கிக்கொண்டது.

"கொஞ்சம் சீக்கிரம் சார். எல்லாருக்கும் ஜோலி இருக்கு" என்றார் பின்னால் நின்றவர்.

ரப்பர் பேண்டு அறுந்து கூப்பன்கள் தரையில் சிதறின. அப்பா குனிந்தார். அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றைப் பொறுக்கினால் இன்னொன்று கையிலிருந்து விழுந்தது.

அம்மாவின் சட்டப்படி அவள் சுவரைப் பார்க்க வேண்டும். பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்? கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அப்பா!"

அவர் நிமிர்ந்தார். கண் முழுக்க நீர்.

"யாரும்மா நீ?" என்றார்.

அவரைத் தூக்கி நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றாள். பில் போடும் பெண்தான் எழுந்து வந்து கூப்பன்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"பரவால்ல எழுந்திரிங்க சார். எத்தனை வருஷமா பாக்குறேன், மூணு பேரும் மூணு லைன்ல நிப்பீங்க. எனக்குத் தெரியாதா என்ன?" என்று சிரித்தாள். "அம்மா எங்க, இன்னைக்குக் காணோம்?"

அப்பா மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே யாரோ ஒருவர் சோப்புக் கட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கா" என்றார் அப்பா. "அவளுக்கு முன்னாடி நாங்க போயிரணும்."

அந்தப் பெண் மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. போய் உட்கார்ந்து சாமான்களை வேகமாகத் தள்ள ஆரம்பித்தாள்.

மகள் தன் கூடையைக் கொண்டுவந்து அவர் சாமான்களுக்குப் பின்னால் கவிழ்த்தாள். பில்லைப் பிரிப்பதற்காக நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் கட்டையை அப்பா பழக்கத்தில் எடுத்து இரண்டுக்கும் இடையே வைத்தார்.

"தனித்தனியாவா சார்?"

அப்பா அந்தக் கட்டையையே பார்த்தார். பிறகு அதை எடுத்து ஓரமாக வைத்தார்.