பொற்கொடி வாங்கிய மார்க்

குளத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளையிடம் கத்திவிட்டு, மிச்சமிருக்கும் தெம்பில் அஞ்சல் வழியில் பி.எட். படிக்கிறேன். பொற்கொடி என்று பெயர் வைத்தவர்கள் நான் இப்படிக் காய்ந்த கொடியாக அலைவேன் என்று கண்டார்களா?

வருகிற ஜூனில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தொடங்குகிறார்கள். பி.எட். முடித்திருந்தால் தமிழாசிரியை இடம் உனக்குத்தான் என்று தாளாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். எனக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. அந்தத் தேர்வை என்ன காரணத்துக்கோ தள்ளிவைத்தவர்கள், தேடிப்பிடித்து என் நாத்தனார் மகளுடைய சடங்கு நடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுவந்து போட்டார்கள்.

வீட்டில் யுத்தம் ஆரம்பித்தது. தாய்மாமன் எடுத்துக் கொடுக்கும் சேலையை மாமன் பொண்டாட்டிதான் பிள்ளைக்குக் கட்டிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது மாறாது. என் வீட்டுக்காரர் நிலவழகன்தான் அந்த மாமன், அதனால் நான்தான் அந்தப் பொண்டாட்டி. பரீட்சை அடுத்த வருசமும் வரும், சடங்கு வருமா என்று கேட்டார் என் மாமியார் செவந்தி. நியாயமான கேள்விதான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். அம்மா பேசும்போது அம்மா பக்கமும் நான் பேசும்போது என் பக்கமும் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தச் சண்டையை ஒரு பாட்டம் போட்டுவிட்டுத்தான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்குக் கடைசி நேர்முக வகுப்புக்குப் போனேன். அங்கே அன்புமொழி என்றொரு பெண் வந்திருந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். வேலை, படிப்பு, குடும்பம் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு முட்டிக்கொள்கின்றன என்று அளப்பதுதான் ஆராய்ச்சி. ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதில் முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போட வேண்டும்.

‘குடும்பக் கடமைகளால் என்னால் படிப்பில் கவனம் செலுத்த முடிவதில்லை.’ ஐந்து. ‘வீட்டு விசேஷங்கள் என் தேர்வுகளுக்கு இடைஞ்சலாக உள்ளன.’ இதற்கு ஆறு இருந்திருந்தால் ஆறு போட்டிருப்பேன். ‘வீட்டில் உள்ளவர்கள் என் படிப்பைத் தடுக்கிறார்கள்.’ ஐந்து. பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்தது. மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அன்புமொழி அங்கேயே கூட்டிப் பார்த்துவிட்டு, “பொற்கொடி அக்காதான் அதிகம். நூத்தம்பதுக்கு நூத்தி முப்பத்தெட்டு” என்றாள். பின் பெஞ்சில் யாரோ ஒருத்தி கிண்டலாகக் கை தட்ட, மொத்த வகுப்பும் தட்டியது. என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றிருந்தார். கைத்தட்டலையும் மார்க்கையும் கேட்டார். எதற்கு மார்க் என்று கேட்கவில்லை. பைக்கை எடுக்கும் முன்பே வீட்டுக்குப் போன் போட்டு, கிளாஸிலேயே பொற்கொடிதான் ஃபர்ஸ்ட் என்று சொல்லிவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்தில் அந்த மனிதர் என் படிப்பைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் வந்து நின்றார் என் மாமனார் திருப்பதி. இவ்வளவு மார்க் வாங்குகிற பிள்ளையைப் பரீட்சை எழுத விடாவிட்டால் ஊர் காறித் துப்பும் என்றார். மாமியார், சின்ன மாமனாரின் மருமகளைச் சேலை கட்டிவிடச் சொல்லலாம், அவளும் மாமன் பொண்டாட்டி முறைதானே என்றார். நான் மாதக்கணக்கில் அழுது நடக்காதது ஒரு கைத்தட்டலில் நடந்தது. சரி, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானாக ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வுக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், அன்புமொழி வீட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டார் பதில் சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறதாம். போனில் நான் பல சாக்குச் சொல்லியும், பள்ளிக்கூடத்தில் வழி கேட்டு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்தார். என் மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்க மருமக அளவுக்கு வேறு யாரும் மார்க் வாங்கவில்லையாமே என்று ஆசையாகக் கேட்டார்.

அன்புமொழி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத பெண். அது மார்க் இல்லை, வீட்டாலும் வேலையாலும் அக்காவின் படிப்புக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று அளப்பது, எண் கூடினால் இடைஞ்சலும் கூடுதல் என்று பொறுமையாக விளக்கினாள்.

“அப்ப அது எங்களுக்குப் போட்ட மார்க்கா?” என்றார் மாமனார்.

சடங்கு மண்டபத்து வாசலுக்கு அடித்த ஃபிளெக்ஸில் என் படத்தைப் போட்டு, ‘பி.எட். வகுப்பில் முதலிடம், 138/150’ என்று எழுதச் சொல்லிவிட்டதாக என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அது அடித்துக் கட்டியும் ஆகிவிட்டதாம். அன்புமொழி கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒரே பதிலைச் சொன்னார். அவள் பாதிக் கலரைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர்கள் கேட்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. தினமும் டீக்கடைக்குப் போகிற மாமனார் அன்று சாயங்காலம் போகவில்லை. மாமியார் மட்டும், என் மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“புள்ளைய நான் பாத்துக்கிட்டதும் ஒனக்கு இடைஞ்சலாத்தான் போச்சா ஆத்தா?”

என் மகன் தவழ்கிற காலத்திலிருந்து அவர் மடியில்தான் வளர்கிறான். அதனால்தான் நான் வேலைக்கே போகிறேன். அந்தத் தாளில் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டதும் நிஜம். நான் போட்ட ஐந்தும் நிஜம். இரண்டையும் எந்த வாயால் ஒரே நேரத்தில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீர்த்தட்டுகளை எல்லாம் வேனில் ஏற்றினோம். கீரமங்கலத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழியில்தான் புதுக்கோட்டை. என்னைத் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டுப் போவது என்று ஏற்பாடு. வேனில் ஏறியதும் மாமியார் என் மடியில் ஒரு டப்பாவை வைத்தார். தக்காளிச் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. யாரும் எழுந்திரிப்பதற்கு முன்னால் எழுந்து கிண்டியிருக்கிறார். அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகப் போய்ப் பரீட்சை எழுதியிருப்பேன்.

மையத்து வாசலில் வேன் நின்றது. என்னோடு படிக்கிறவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, இறங்கு, நேரமாச்சு என்றார். ஹால் டிக்கெட் என் கையில்தான் இருந்தது. நான் இறங்கவில்லை.

“எறங்கு ஆத்தா” என்றார் மாமியார். நான் அசையாமல் இருக்கவே மறுபடி சொன்னார். “போயி நல்லா எழுது. நாங்க தடுத்தோம்னு இருக்க வேணாம்.”

அந்தக் கடைசிப் பேச்சை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்பாகத்தான் சொன்னாரா, குத்தத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும். எழுதிவிட்டு வந்து அந்த முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்ததுமே ஹால் டிக்கெட்டை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். கீரமங்கலத்துக்கே போகலாம், வண்டியை எடுங்க என்று டிரைவரிடம் சொன்னேன். ஆலங்குடி தாண்டியதும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸில் நான் பெரிய முகமாக இருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கை கொடுத்தார்கள். மேளச் சத்தத்துக்கு நடுவே சேலையை வாங்கி, நாத்தனார் மகளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிவிட்டேன். கொசுவம் மடிக்கும்போது பதினொன்றரை மணி. பாதிப் பரீட்சை முடிந்திருக்கும். என் விரல் பாட்டுக்கு மடித்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே என் மாமியார் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் பரீட்சையே வேண்டாம் என்று வந்துவிட்டாளாம். அப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டார். நாத்தனார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது உண்மையான அழுகைதான்.

போட்டோவுக்கு எங்களை மேடையில் நிற்கவைத்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தில் நேற்றிலிருந்து இருந்த வாட்டம் போய், பழையபடி தெளிவாக இருந்தார். என் காதருகே குனிந்தார். அவர் குரலில் துளி விஷம் இல்லை, ஆறுதல்தான் இருந்தது.

“நான் எறங்கச் சொன்னேன். எங்க அம்மா ரெண்டு தடவ சொல்லுச்சு. நீயாத்தான் வந்த. இனிமே யாரும் எங்கள ஒரு கொறயும் சொல்ல முடியாதுல்ல?”

போட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.