ஈறு வீக்கமும் ஈஸ்டர் கறியும்

தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருந்த திருத்துறைப்பூண்டி குழந்தைராஜுக்கு, ஈஸ்டருக்கு முந்தின நாள் பார்த்து ஈறு வீங்கிக்கொண்டது. மறுநாள் ஆட்டுக்கறியைக் கடிக்க முடியாதோ என்ற பயத்தில் அவர் எதற்கும் துணிந்துவிட்டார்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், குமட்டியது. பல் கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டைத் தடவினார். சுவரை நக்கியது போலிருந்தது. மனைவி அமலி மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள். அது எச்சிலோடு சேர்ந்து மோவாயில் சளியாக வழிந்தது.

"கொல்லைக் கதவுகிட்ட பாட்டில்ல கிராம்புத் தண்ணி இருக்கு. வாயில கொஞ்ச நேரம் வச்சிருந்து துப்புங்க."

அங்கே பழுப்பு நிறத்தில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. குழந்தைராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றை வாய் நிறைய ஊற்றி, சொன்னபடியே வைத்திருந்தார். நாக்கில் ஒரு செதில் ஒட்டியபோதுதான் மூக்கை விட்டார்.

"ஐயோ, அது உளுந்துப் பயிரு வளரத் தெளிக்கிற மீன் அமிலங்க! மத்திக் குடலும் வெல்லமும் ஊறுனது!"

"முன்னாடியே சொல்றதுக்கென்னடி?" என்று ஓடிப்போய் வாழையடியில் வாந்தியெடுத்தார். அந்த வாழை சாயங்காலமே குலை தள்ளியது. மறுநாள் காலைப் பூசைக்கு ஆறு பூனைகள் கோயில் வாசல்வரை அவரோடு நடந்தன.

மதியம் ஈறில் வலியே இல்லை. முதல் துண்டை ஆசையாகக் கடித்து மென்றவர், முகத்தைச் சுளித்து இலையிலேயே துப்பினார்.

"ஏங்க, வேகலையா?"

"வெந்துதான் இருக்கு. இது எந்தக் கடல்ல மேஞ்ச ஆடு?"