உறையாத பால்

மறுபடியும் தயிர் உறையவில்லை. பியாட்ரிஸ் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். ஊற்றியபடியே பால் தளும்பியது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் பிடிக்கிறவர்களுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்துப் பிழைப்பவள் அவள். குளிரைக் குறை சொன்னாள், உறைமோரை மாற்றினாள், பானையைக் கம்பளியில் சுற்றி வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பால்காரர் வால்டரையே கேட்டுவிடலாமென்று ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருந்த அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

வால்டர் கறந்துகொண்டிருந்தார். பசுவின் மடி ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. அந்தப் பக்கத்துக் காம்பைப் பீய்ச்சியதும் மஞ்சளாகக் கட்டிகட்டியாய் விழுந்தது, ஊடே ரத்த இழை. கேனின் வாயில் பழைய பனியன் ஒன்றைக் கட்டியிருந்தார். சீழ் பனியனில் தங்கியது. மிச்சம் கேனுக்குள் இறங்கியது.

"இன்னா அண்ணே இது?"

"மடிநோவும்மா. டெட்ராசைக்ளின் ஊசி போட்டுனுகீறேன். வீக்கம் வத்துனா நிறுத்துவேன், வந்தா மறுபடியும் போடுவேன்."

சொல்லிக்கொண்டே வேட்டியை ஒதுக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலில் வாய் திறந்த புண். அதன்மேலும் அதே மருந்தின் மஞ்சள் கறை.

"மாட்டுக்கும் கேக்கும், கோழிக்கும் கேக்கும், நமக்கும் கேக்கும். எந்தக் கிருமியா இருந்தா இன்னா?"

பியாட்ரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. பாலைத் தயிராக்குவதும் கிருமிதானே. பாலோடு வந்த மருந்து அதையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. காலையில் மகள் மரியா ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, பால்மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது கண்முன் வந்தது. கேனை எட்டி உதைத்தாள். பால் சாணிக் குழியில் ஓடியது.

"ஏய், பைத்தியமா உனக்கு? காய்ச்சுனா எல்லாம் செத்துடும்!"

"சீழைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்றியா? மருந்து எங்க அண்ணே சாவும்?"

அவள் போன் செய்து கால்நடை மருத்துவர் சுனிதாவை வரவழைத்தாள். சுனிதா மடியை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அரைகுறையா போட்டுப் போட்டு நிறுத்தியிருக்கீங்க. இனிமே இந்த மருந்து இதுக்குக் கேக்காது. இந்தக் காம்பு போச்சு. உங்க காலையும் இன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்க."

வால்டர் தன் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சரி டாக்டரம்மா, மீதி மூணு காம்புப் பால ஊத்தலாமில்ல?"

"மருந்து ஒடம்ப விட்டு எறங்கற வரைக்கும் ஒரு சொட்டுகூட ஊத்தக்கூடாது."

பியாட்ரிஸ் அங்கிருந்தே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பனியனைச் சொன்னாள், புண்ணைச் சொன்னாள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரத்தினம்மா கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தாள். ஸ்டேஷனில், ஏற்கெனவே தன் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டவர்களிடமும் மறைக்காமல் சொன்னாள். வாடிக்கைக்காரன் ஃப்ரெடி, அன்று கடைத் தயிரில் கட்டிக்கொடுத்த டப்பாவையும் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் விடியலில் அவள் அந்தப் பக்கமாகப் போனபோது, கொட்டகை வாசலில், முந்தினநாள் காதைப் பொத்திக்கொண்டவர்களில் ஒருவனான பாபு தூக்குவாளியோடு நின்றிருந்தான். உள்ளே பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

"நேத்து அவ்ளோ சொன்னேனேடா!"

"நல்லா காய்ச்சிதானக்கா குடிக்கிறோம்," என்று அவன் சிரித்தான்.

அருவருப்பில் அவளுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. சாக்கடையில் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.