அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை

வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் மட்டும் தனிக்குடித்தனம். மாமனார் வீட்டு சோபாவில் சாய்ந்து, மாமனார் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மச்சினனின் புரோகிராமைப் பார்த்துச் சிரித்தான்.

இருவரும் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில்தான் படித்தார்கள். இறுதித் தேர்வில் தேறினால் அடுத்த ஊர் அலுவலகத்தில் பயிற்சி வேலை. மனைவி அங்கே ஒரு வாடகை வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டாள். சொந்தச் சமையலறை என்று சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

தேர்வுக்குக் கேட்டது ஒரே ஒரு ஃபங்ஷன். பெரிய வித்தையில்லை. அடிக்கடி போடுகிற கணக்கை ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஓர் அறையின் தரைக்கு எத்தனை ஓரடி டைல்ஸ் வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும்.

மச்சினன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அப்படியே எழுதியிருந்தான்.

"என்னடா இது, கூப்பிடும்போதெல்லாம் நீளத்தைக் கொடு, அகலத்தைக் கொடுன்னு கையேந்துது? என்னுதைப் பாரு. யார்கிட்டயும் எதுவும் கேக்காது."

"அப்ப அளவு எங்கேந்து வரும் மாமா?"

"ஃபைல் உச்சியில ஒரு தடவை எழுதி வெச்சிருக்கேன். அதுவே எடுத்துக்கும். மூளைன்னு ஒண்ணு வேணும்டா."

மண்டு என்று செல்லமாகச் சொல்வதுபோல் நிஜமாகவே சொன்னான்.

தேர்வன்று வகுப்பெடுக்கும் மேடம் ஒவ்வொருவரின் ஃபங்ஷனை மட்டும் வெட்டியெடுத்துத் தன் ஃபைலில் ஒட்டினார். மச்சினனுடையதை மூன்று அறைகளுக்குக் கூப்பிட்டார். மூன்றுக்கும் சரியான விடை வந்தது. மாப்பிள்ளையின் முறை வந்தது.

"அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணுமே இல்லையே. நான் சொல்ற அளவை இது எப்படி வாங்கிக்கும்?"

"வாங்கவே வேண்டாம் மேடம். சும்மா கூப்பிடுங்க, ஓடும்."

கூப்பிட்டார். நீளம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சிவப்பெழுத்தில் வந்தது.

"எங்க வீட்டுல ஓடுச்சு மேடம்!"

"அங்க எல்லாம் மேலயே எழுதி வெச்சிருந்தீங்க, ஓடுச்சு. வெளிய எடுத்துட்டு வந்தா இதுகிட்ட சொந்தமா ஒண்ணுமே இல்லையே?"

அவர் ஃபங்ஷனைத்தான் சொன்னார். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது மடல்வரை எரிந்தது. பெயர்ப் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார் மேடம்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். "என்னாச்சு?"

அத்தனை பேச்சு பேசியவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். மச்சினன்தான் முந்திக்கொண்டான்.

"அங்க கம்ப்யூட்டர் சரியில்லக்கா. மாமா நல்லாத்தான் எழுதியிருந்தாரு."

மாப்பிள்ளை தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் நன்றாகப் பார்த்தாள்.

"தம்பி, நீ பாஸா?"

"ம்."

"அப்ப அந்த வீட்டை நீ எடுத்துக்கடா. காலியாப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் சமையலறைக்குள் போனாள்.